சோணையம்மாள் டீச்சரின் நாற்காலி

சோணையம்மாள் டீச்சர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை என்பார்கள் அவளிடம் படித்தவர்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாளாம். மேலப்பட்டியில் தொடங்கி, பிறகு எந்த ஊருக்கு மாற்றினாலும் அந்த நடை மட்டும் மாறவில்லை. மத்தியானச் சாப்பாடுகூட நின்றபடிதான். ஆனாலும் அவர்கள் சொல்வது முழுக்கச் சரியல்ல. ஒரே ஒரு நாள் உட்கார்ந்தாள். அந்த நாளின் கதைதான் இது.

உட்காருவது அவளுக்கு ஆகாமல் போனதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். அண்ணன் சுருளியாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். நல்ல மனுஷன்தான். ஆனால் தாலி அறுத்தவள் ஒரு வருஷம் மூலையில் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அடுப்படிக்கும் நெல் குதிருக்கும் நடுவே அவளுக்கு ஒரு மூலை ஒதுக்கினார்கள். யார் எதிரிலும் வரக் கூடாது, குரல் வெளியே கேட்கக் கூடாது. ஒரு ஆயுசுக்கு உட்கார வேண்டியதை அந்த ஒரு வருஷத்தில் உட்கார்ந்து தீர்த்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு எட்டாவது வரை படித்தவள் என்று கேள்விப்பட்டு, ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்து, மதுரையில் டீச்சர் பயிற்சி இருக்கிறது என்று சொன்னார். அண்ணன் யோசித்து முடிப்பதற்குள் இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் காமயகவுண்டன்பட்டிக்கு அடுத்த மேலப்பட்டியில் பெண்பிள்ளைகள் வகுப்புக்குப் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள், கணக்குப் போடுவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் போச்சு. தலையைத் தொங்கப் போட்டு, கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நிற்பார்கள். முதல் வருஷம் சோதனைக்கு வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விகளுக்கு ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. அவர் பெரிய வாத்தியார் பலவேசத்திடம், "அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா இந்த வகுப்பு எதுக்கு? மூடிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பை மூடினால் டீச்சருக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் அண்ணன் வீட்டு மூலை அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வகுப்பில் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். மிரட்டினால் இருக்கிற கொஞ்சநஞ்சக் குரலும் உள்ளே போனது. அதிலும் மொக்கம்மாள் என்றொருத்தி இருந்தாள். பத்து வயதுப் பிள்ளை, படிப்பில் புலி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக்கூட உதடு அசையாது.

அந்த மொக்கம்மாள் கம்பு பால்பிடிக்கிற சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். என்னவென்று பார்த்து வர டீச்சர் தோட்டத்துக்குப் போனாள். பாதி வழியிலேயே ஒரு குரல் கேட்டது. மலையில் மோதித் திரும்பும் குரல். கிளிக் கூட்டம் அலறிக்கொண்டு எழுந்து பறந்தது. கம்பங்கொல்லை நடுவே பரண் மேல் நின்றுகொண்டு, கையில் கவணோடு, ரெண்டு கொல்லை தாண்டி இன்னொரு பரணில் நின்ற, அதே வகுப்பில் படிக்கும் ராஜாத்தியோடு மொக்கம்மாள் வாயாடிக்கொண்டிருந்தாள்.

"ஏ ராசாத்தீ... ஒங்க பக்கம் வருது கிளி... தூங்குறியா புள்ள..."

டீச்சருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கா வாய் இல்லை என்று இத்தனை நாள் வயிற்றெரிச்சல் பட்டோம் என்றிருந்தது. பொம்பளப் பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்பது ஊர்க்கட்டு. ஆனால் பரண் மேல் நின்று போடும் சத்தத்தை யாரும் பேச்சு என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

டீச்சரைப் பார்த்ததும் மொக்கம்மாள் வாய் அடைத்தது. இறங்கப் போனாள்.

"இறங்காதத்தா. அங்கனயே நில்லு. என்னையப் பாக்காத, கிளியப் பாரு. ஏழெட்டு எவ்வளவு?"

மொக்கம்மாள் திரும்பி நின்றாள். பிறகு கொல்லையைப் பார்த்து, மலைக்குச் சொல்வது போலக் கத்தினாள். "அம்பத்தாறூ..."

டீச்சர் வரப்பில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வகுப்பில் பரண் கட்டவா முடியும்? இருந்தது ஒரே ஒரு நல்ல நாற்காலி, அவளுக்கென்று போட்டது. அவள்தான் அதில் உட்காருவதில்லையே. அதைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக அதன் மேல் ஏற்றினாள். மேலே நிற்பவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும். ஏறுவதற்கு முன் பக்கத்துப் பிள்ளையோடு காதுக்குள் பேசிப் பதிலை ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். பதில் தப்பாக இருந்தால் டீச்சர் தப்பு என்று சொல்ல மாட்டாள். காதில் கையை வைத்து, "இங்கன சரியாக் கேக்கலையே தாயி, இன்னொரு தடவ சொல்லு" என்பாள். தப்பாகச் சொன்னவள் யோசித்துச் சரியாகச் சொல்லிவிடுவாள். யாரும் சிரிக்க வழி இல்லை. முதலில் வகுப்பில் இருந்தவர்கள் ஏறினார்கள். கம்பு அறுப்பு முடிந்து ராஜாத்தியும் மொக்கம்மாளும் வந்து ஏறினார்கள். மாதக்கடைசிக்குள் வகுப்புச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பலவேசம் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "நாற்காலின்னா ஒரு மருவாதி இருக்கும்மா. அதுல காலோட ஏத்துறீகளே" என்றார்.

கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து, தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கய்யா" என்றாள் டீச்சர். அவர் போனதும் மறுபடி பிள்ளைகளை ஏற்றினாள். ஆண்கள் முன்னால் அவள் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். எது கேட்க வேண்டுமானாலும் சீட்டில் எழுதி ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புவாள்.

சோதனை நாள் வந்தது. விடியும் முன்பே எழுந்து வகுப்பைக் கூட்டி, கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள். இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். பலவேசம் வாத்தியார் குனிந்து வளைந்து அழைத்து வந்து, அந்த ஒரே நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, மேலே சலவைத் துண்டை விரித்தார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு உயிரே போய்விட்டது. இத்தனை மாதம் எதை எதையோ யோசித்தவள் வருகிறவர் எங்கே உட்காருவார் என்று யோசிக்கவில்லை. புத்தி கெட்டுப்போனாலும் இப்படியா கெட்டுப்போக வேண்டும்.

"நம்ம முல்லையாறு எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டார் அவர்.

ஒருத்தியும் பேசவில்லை. மொக்கம்மாளைக் கை காட்டினார். அவள் நாற்காலியைப் பார்த்தாள், அதில் இருந்தவரைப் பார்த்தாள், தலையைத் தொங்கப் போட்டாள். பெருவிரல் தரையைக் கீறத் தொடங்கியது. ராஜாத்தியும் அப்படியே. வரிசையாக அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள்.

டீச்சர் தன் காலைப் பார்த்தாள். அவளுடைய பெருவிரலும் தரையைக் கீறிக்கொண்டுதான் இருந்தது. கதவோரம் பாதி மறைந்து, தலையைக் குனிந்து அவள் எப்படி நின்றாளோ, அச்சில் வார்த்தது போல அப்படித்தான் பிள்ளைகளும் நின்றார்கள். இதை இவர்கள் யாரிடம் படித்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்ஸ்பெக்டர் பலவேசத்தின் பக்கம் திரும்பினார். "போன வருஷம் பார்த்ததுதான். நான் எழுதிடறேன்."

கதவை விட்டு அவள் முன்னால் வந்தாள்.

"அய்யா, கொஞ்சம் எந்திரிங்க. அந்த நாற்காலி பிள்ளைகளுக்கு வேணும்."

பலவேசம் வாத்தியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்காமல் அவரிடமே கேட்டார். "என்ன சொல்றாங்க இவங்க?"

"சரியாக் கேக்கலையாய்யா? இன்னொரு தடவ சொல்றேன்." இந்தத் தடவை அவள் குரல் பரணில் நிற்பவள் குரல். "எந்திரிங்க. நாற்காலி பிள்ளைகளுக்கு வேணும். பிள்ளைக அது மேல நின்னாத்தான் பேசுவாக."

ராஜாத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, எழுந்தார். டீச்சர் நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டாள். கூப்பிடும் முன்பே மொக்கம்மாள் வந்து ஏறி, மலையைப் பார்த்துக்கொண்டு, ஊர் அதிரக் கத்தினாள்.

"சுருளிமலையிலே..."

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கி வாயைத் திறந்தார். அதற்குள் கீழே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் காதில் கையை வைத்தார்கள். "இங்கன சரியாக் கேக்கல புள்ள... இன்னொரு தடவ சொல்லு..."

மொக்கம்மாள் மென்று விழுங்கினாள். "வைகையிலே... முல்லையாறு வைகையிலே போய்ச் சேருது..."

அதற்கப்புறம் நிற்கவில்லை. ஒருத்தி இறங்க ஒருத்தி ஏறினாள். இன்ஸ்பெக்டர் சலவைத் துண்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. புறப்படும்போது பலவேசத்திடம் சொல்லவில்லை, நேராக அவளிடமே சொன்னார்.

"அடுத்த வருஷம் வரும்போது எனக்குத் தனியா ஒரு நாற்காலி போட்டு வைங்கம்மா."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வருஷமும் வகுப்பு இருக்கும். அண்ணன் வீட்டு மூலை இனி யாருக்கோ. வாசல் வரை வண்டியோடு போய்த் திரும்பிய பலவேசம் வாத்தியார், "நல்லவேளை, நல்ல மனுசனா இருந்தாக" என்று முனகிக்கொண்டே தன் வகுப்புக்குப் போனார்.

வழக்கம் போல நடக்கத் தோன்றாமல் டீச்சர் நடு வகுப்பில் நின்றாள். மொக்கம்மாள் நாற்காலியிலிருந்த கால் தடத்தைப் பாவாடையால் துடைத்தாள். துடைத்துவிட்டு, டீச்சரை நேராகப் பார்த்து, தரையில் நின்றபடியே பேசினாள்.

"ஒக்காருங்க டீச்சர்."

சோணையம்மாள் உட்கார்ந்தாள்.