வனஜா செஞ்ச வனஜா

எங்க ஆவடி குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு வனஜாவுக்கு அம்பத்தொரு வயசு. இருபத்தேழு வருஷமா நாலரைக்கு எழுந்திருக்கா. ஃபேக்டரிக்குப் போற வீட்டுக்காரர் சிவராமனுக்கு டிபன், மாமியாருக்குக் கஞ்சி, துணி, பாத்திரம். எப்படி இருக்கேன்னு கேட்டா, "அலுப்பா இருக்கு ஷோபனா, அவ்ளோதான்"ம்பா.

அந்த அலுப்போடயே ஒரு வருஷமா ஹால் மூலையில ஒரு சிலை செஞ்சா. கம்பியை வளைச்சு, பழைய நைட்டியெல்லாம் திணிச்சு, ஆள் உசரத்துக்கு ஒரு பொம்பளை. உடம்பு பூரா காகிதம் ஒட்டினா. கையில கேஸ் பில்லு, மாருல பசங்களோட தடுப்பூசி அட்டை, வயித்துல கர்ப்பப்பை எடுத்தப்போ ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு. மூஞ்சியை மட்டும் வெறுமனே விட்டுட்டா. "இது நான்தான்டி"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னா.

அம்பத்தூர்ல பொம்பளைங்க சேர்ந்து நடத்துற கண்காட்சிக்கு நான்தான் போட்டோ அனுப்பினேன். திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க. வனஜா வெக்கப்பட்டுச் சிரிச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தவ, ஞாயித்துக்கிழமை காலையில திரும்பினதும் என்கிட்ட ஓடி வந்தா. சிலையைக் காணோம். அவ வீட்டுக்கே போய்க் கேட்டோம்.

சிவராமன் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமச் சொன்னாரு: "அதுவா? நெமிலிச்சேரியில நம்ம வீடு கட்டுறோம்ல, அதுக்குத் திருஷ்டி பொம்மைன்னு நெனச்சு நேத்தே மேஸ்திரிகிட்ட குடுத்துட்டேன். நீ மூஞ்சி போடாம விட்டிருந்தே. மீசை, கோரப்பல்லு எல்லாம் நானே வரைஞ்சேன்."

பெருமை வேற! பொண்டாட்டி ஒரு வருஷமா கண்ணு முன்னாடி உக்காந்து ஒட்டுறா, எதுக்குடின்னு ஒரு வார்த்தை கேக்காத மனுஷன்! வனஜா செருப்பை மாட்டினா.

ஆட்டோ புடிச்சுப் போனோம். முந்தின நாள் சாயந்திரம் நல்ல மழை. முதல் மாடிக் கம்பியில சிலை தொங்கிச்சு. காகிதமெல்லாம் ஊறி உரிஞ்சு, வயித்துச் சீட்டுல எழுத்தே இல்ல. கண்காட்சிக்கு இனிமே எங்க எடுத்துட்டுப் போறது!

மேஸ்திரி பால்ராஜ் தயங்கித் தயங்கி வந்தாரு. "யம்மா, தப்பா நெனைக்காதீங்க. அது நீங்கதானே? இங்க வந்து செவுத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இடுப்புல கைய வச்சிகினு நிப்பீங்களே, அதே மாதிரி கீது. சாரு கழுத்துல சுருக்குப் போட்டுக் கட்டச் சொன்னாரு. எனக்கு மனசு வர்ல. அக்குள்ல கயிறு குடுத்துக் கட்டிக்கீறேன்."

வனஜா செங்கல் அடுக்கு மேல அப்படியே உக்காந்துட்டா. "மேஸ்திரிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு, ஷோபனா"ன்னு சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.