பஞ்சவர்ணம் அக்காவின் முதல் மரணப் பத்திரம்

"அம்மா செத்துப்போச்சு" என்று பஞ்சவர்ணம் அக்காவின் மகள் போனில் சொன்னபோது, "எத்தனாவது தடவ?" என்று கேட்டுவிட்டேன். எங்களுக்குள் அது பழைய கேலி. மறுபக்கம் அழுகைதான் கேட்டது.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அவரோடு கொழுந்து பறித்த உங்களுக்கு இந்தக் கேலியின் காரணம் தெரியும். அக்கா ஈராக்கில், மோசூல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போயிருந்தார். ஆயுதக்காரர்கள் சில நாட்களிலேயே அந்த நகரத்தைப் பிடித்தார்கள். அவருடைய போன் நின்றுபோனது. "அந்த ஆஸ்பத்திரியில யாரும் மிஞ்சல" என்று அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் கடிதம் கொடுத்தான். அதை வைத்து மரணப் பத்திரமும் எடுத்தாயிற்று. உடல் இல்லாததால் அவருடைய கொழுந்துக் கூடையில் சேலையைச் சுற்றி எரித்தோம். ஒப்பாரி வைத்ததில் நானும் ஒருத்தி.

அக்கா சாகவில்லை. அங்கே ஒரு நர்ஸ், தன் ஊமைத் தங்கை என்று சொல்லி வீட்டில் மறைத்து வைத்திருந்தாள். நகரம் மீட்கப்பட்ட பிறகு ஊர் வந்தவரை, "ஏக்கா இப்பிடி லொடலொடங்கிற?" என்று சீண்டினேன்.

"மூணு வருஷம் ஊமையா இருந்தேன்டி. மிச்சத்தப் பேச வேணாமா?"

கூடையை எரித்த கதையைச் சொன்னதும், "நல்ல கூடைடி அது, நாசமாப் போறவளே!" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

தோட்டத்தில் வீடு கட்ட அரசாங்கம் ஆளுக்கு ஏழு பேர்ச் அளவில் காணி கொடுத்தபோது சிரிப்பு நின்றது. செத்தவர் பெயரில் காணி எழுத முடியாதாம். மாத்தளை அரசாங்கக் கந்தோருக்கு நானும் கூடப் போனேன். "மஹத்தயா, மம தாம மெருனே நே" என்றார் அக்கா. நான் இன்னும் சாகவில்லை ஐயா என்று சிங்களத்தில் சொல்லி, நாடி பிடித்துப் பார்க்கட்டும் என்று கையையும் நீட்டினார். அந்த ஐயா பைலைத்தான் பார்த்தார். முன்பு சொன்னது தவறு என்று ஏஜென்சியிடமிருந்தே கடிதம் வேண்டுமாம். ஏஜென்சியை மூடிவிட்டு ஓடியவனை எங்கே தேடுவது? வருஷக்கணக்கில் அலைந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒருநாள் சொன்னார்: "ஊர மீட்டப்புறம் அந்த நர்ஸும் அகதி முகாமுல வரிசையில நின்னாடி. வீடு இடிஞ்சு, புருஷன் கல்லுக்கடியில கெடக்கான். 'நான் அந்த துப்பாக்கிக்காரங்க ஆளு இல்ல'ன்னு இவ பேப்பர் காட்டணுமாம். துப்பாக்கிக்காரன வெரட்டிப்புட்டாங்க. மேசைக்காரன யாருடி வெரட்டுறது?"

கடைசியில் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்து அறையிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டார். பத்திரம் கேட்டுப் போன மகளிடம், "ஏற்கனவே இருக்கே" என்று பழையதன் பிரதியை நீட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளின்படி அக்கா திரும்பி வரவே இல்லை. காணி கேட்கவும் இல்லை. மகளுக்கும் ஒன்றும் கிடையாது. அதன் அடியில், சாட்சி என்ற இடத்தில் கோணலாகக் கிடக்கிறது என் கையெழுத்து. கண்ணால் பார்க்காத சாவுக்கு, ஒரு கடிதத்தை நம்பி நான் போட்டது.

கந்தோரில் யாரும் உட்காரச் சொல்லாவிட்டாலும் அக்கா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காருவார். நான் வெட்கப்பட்டுச் சுவரோரம் நிற்பேன். அவரிடமிருந்து அந்த உட்காருதலை நான் எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை மாத்தளைக்குப் போய் அந்த மேசை முன்னால் உட்காரப் போகிறேன். நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று என் வாயாலேயே சொல்வேன். அதை அடித்துவிட்டு, அக்கா உண்மையில் செத்த நாளை எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன்.