பாலன் கழற்றிய ஸ்பிரிங்

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் இருக்கும் பாலனுக்குப் பிடித்த சாமான் என்று உலகத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டால், அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டிய மருதாம்பாளே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். கடை டீ அவருக்குக் கழனித் தண்ணி. பஸ் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கையைக் கைக்குட்டையில் அழுந்தத் துடைப்பார். பக்கத்து வீட்டுக்குப் புதுக்கதவு மாட்டிய ஆசாரியிடம், "தூ, இதுக்குக் கீலு எதுக்குங்க? கயித்தப் போட்டுக் கட்டியிருக்கலாமே" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அருவங்காடு பேக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவிப் பழகிய கை. அந்தக் கைக்கு முன்னால் ஊரில் மற்றவன் செய்கிற வேலையெல்லாம் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும், அதை மறைக்கவும் தெரியாது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே மரம் கடைகிற லேத் ஒன்று வந்து இறங்கியது. வாங்கியவள் மருதாம்பாள். அவள் வேலை பார்த்த டீ பேக்டரியை மூடிவிட்டார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் குன்னூரில் பெண்களுக்கு நடந்த மரக்கடைசல் வகுப்பில் சேர்ந்து, இரண்டே மாதத்தில் கிண்ணம், மத்து, குங்குமச் சிமிழ் என்று கடைய ஆரம்பித்துவிட்டாள். எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைக் கழிக்கும்போது துண்டுக் கட்டைகள் சல்லிசாகக் கிடைக்கும். கடைந்த சாமானை வாங்கிக்கொள்ள ஊட்டியில் கடை இருந்தது. ஐம்பது வயசுக்கு மேல் தன் கையில் ஒரு தொழில் வந்து உட்கார்ந்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. பாலன் பின்கட்டு ஷெட்டுக்குப் போய் லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விரலால் தட்டினார். "தகர டப்பா" என்றார்.

ஆனால் அந்த லேத்தோடு சக் வரவில்லை. கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழல்கிற இரும்புப் பிடிதான் சக். அது இல்லாமல் கிண்ணத்துக்கு உள்குழி எடுக்க முடியாது. அதைத் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றதும் பாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சக்க நான் பாத்துக்கறேன். நீ வாய மூடிட்டு இரு புள்ள" என்றார்.

கோயமுத்தூர் போய்ப் பழைய இரும்புக் கடை ஒன்றில் புரட்டி, மூன்று தாடை வைத்த இரும்பு லேத் சக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிரீஸும் துருவும் யாரோ ஒருவனுடைய தலைமுடியும் சேர்ந்து அப்பியிருந்த சனியன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தக் கடைக்காரனைத் திட்டியபடி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். பொருத்திச் சுழற்றியபோது அது துளியும் ஆடவில்லை. பாலனின் முகம் மலர்ந்ததை மருதாம்பாள் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தாள்.

அந்த மலர்ச்சி அவள் முதல் கிண்ணத்தைக் கழற்றும்வரைக்கும்தான். இரும்பைப் பிடிக்கச் செய்த தாடை, மெத்தென்ற மரத்தில் மூன்று இடத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது.

"ஏனுங்க, எலி கறம்புன மாதிரி இருக்குது. இத எவன் வாங்குவான்?"

"கட்டை மட்டம்" என்றார் பாலன்.

"கட்டை நல்ல கட்டைங்க. சக்குதான் மரத்துக்கு ஆகாது. செலஸ்டின் அண்ணனக் கேட்டேன், மரத்துக்குன்னே நாலு தாடைச் சக் இருக்குதாமா."

செலஸ்டின் பேரைக் கேட்டதும் பாலனுக்கு வாயில் எதையோ துப்ப வேண்டும்போல ஆகிவிட்டது. செலஸ்டினும் அவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. இவருக்கு பேக்டரியில் வேலை கிடைத்தது, செலஸ்டின் மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனார். சக்கின் தாடையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி உண்டு, கைப்பிடி வைத்த இரும்புத் துண்டு. இறுக்கி முடித்ததும் அதை உருவிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் செலஸ்டின் அதைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டார். சுழன்ற வேகத்தில் சாவி பறந்து வந்து இடது கண்ணைக் கொண்டுபோயிற்று. மூடிப்போன அந்த இமை இடுக்கிலிருந்து இன்றைக்கும் தண்ணீர் வடியும், செலஸ்டின் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசுவார். அவர் ஒற்றும்போதெல்லாம் பாலன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். பாவம் என்று ஒரு நாளும் நினைத்தவரில்லை. "சாவிய விட்டுட்டு சுவிட்சப் போடறவனெல்லாம் டர்னரா? கருமம்" என்பார் வீட்டுக்கு வந்து. இதெல்லாம் செலஸ்டினுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் மூன்று பேருமாகக் கோயமுத்தூரில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மரத்துக்கான சக்கை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அகலமான நாலு தாடை. கட்டையை வெளியிலிருந்து வலிக்காமல் கவ்வும், கிண்ணத்தின் அடியில் சின்னக் குழி எடுத்துவிட்டால் உள்ளே விரிந்தும் பிடித்துக்கொள்ளும். மருதாம்பாள் அதை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலன் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். குறை ஒன்றும் சிக்கவில்லை. அந்த எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது.

"சாவி ரெண்டு விதமா இருக்குங்க. ஒண்ணு சாதா. ஒண்ணுல முனையில ஸ்பிரிங் வெச்சிருக்கும்" என்றார் கடைக்காரர்.

செலஸ்டின் ஸ்பிரிங் வைத்த சாவியை எடுத்துச் சக்கின் துளையில் அழுத்தினார், பிறகு கையை விட்டார். சாவி துள்ளி வெளியே வந்து மேசைமேல் விழுந்தது. அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியாப்பா பாலா? நீ மறந்தாலும் அது மறக்காது. சக்குல நிக்கவே நிக்காது. இத வாங்கிக் குடு" என்று சொல்லிக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

பாலன் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டார். "பால்வாடிப் புள்ளைங்களுக்குச் செஞ்சது. கைல ஒழுக்கம் இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம் வேணும்."

மருதாம்பாளுக்குப் புருஷனை அங்கேயே நாலு கேட்க வேண்டும் என்று இருந்தது. "எனக்கு அதுதான் வேணும். ஸ்பிரிங் வெச்சதே போடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

வாங்கியாயிற்று. ஆனால் அந்த ஸ்பிரிங் பாலனின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மருதாம்பாள் வேலை செய்யும்போது சாவி துள்ளி ஷெட் தரையில் விழும், அவள் குனிந்து எடுப்பாள், தூசியை ஊதுவாள். பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்டரியில் இத்தனை வருஷத்தில் தன் கையிலிருந்து ஒரு சாவி தரையில் விழுந்ததுண்டா? ஒரு நாள் அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்தார். தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. கக்கூஸ் கதவின் கொண்டி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது, அதில் கொண்டுபோய் மாட்டினார்.

"ஏனுங்க, சாவில இருந்த ஸ்பிரிங் எங்க?"

"அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குது. போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, "ச்சீ, என்ன மனுசனுங்க நீங்க" என்றாள். அன்றைக்கு இரவு சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்காரவில்லை. ஆனாலும் சண்டையை வளர்த்தவளில்லை. வேலை செய்யும்போது புடவைக்கு மேலே கட்டும் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டாள். சக்கை இறுக்கியதும் சாவி அந்தப் பைக்குள் போகும், பையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பாலன் அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். "பாரு, ஸ்பிரிங் இல்லாமயே ஒழுக்கம் வந்திருச்சா இல்லியா?"

ஆயுத பூஜை வந்தது. பேக்டரிக்காரன் வீட்டில் ஆயுத பூஜை என்றால் கேட்கவா வேண்டும்! பாலன் காலையிலேயே குளித்துவிட்டு ஷெட்டில் இறங்கினார். லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், உளிகளை வரிசையாக வைத்தார், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பேக்டரியில் அவர் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை அன்றைக்குச் சக் சாவியைச் சக்கிலேயே செருகி, இரண்டையும் சேர்த்து மாலை போடுவார்கள். சக்கையும் சாவியையும் பிரித்து வைத்துக் கும்பிடக் கூடாது என்பார்கள். அதேபோல அவரும் மருதாம்பாளின் வேலைத்துணிப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சக்கில் செருகி, சாமந்தி மாலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். சாவி பூவுக்குள் மறைந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, ஷெட்டைச் சாத்தினார்கள்.

மறுநாள் விஜயதசமி. மெஷினை ஒரு நிமிஷமாவது ஓட்டி வேலையைத் தொடங்க வேண்டும். பேக்டரியில் என்றால் கரண்ட் போடுவதற்கு முன்னால் சார்ஜ்மேன் ஒவ்வொரு மெஷினாகப் போவார், பூவை விலக்கிச் சாவியை உருவி டர்னரின் கையில் கொடுப்பார், பிறகுதான் மெயின் சுவிட்ச். அத்தனை வருஷமும் அந்தச் சாவியைப் பூவுக்குள்ளிருந்து எடுத்தது வேறொருவருடைய கை என்பது பாலனுக்கு நினைவில்லை. எடுத்துக் கொடுத்ததை வாங்கித்தான் அவருக்குப் பழக்கம்.

பொரி தின்றுகொண்டு ஷெட் வாசலில் நின்ற செலஸ்டின்தான் கேட்டார். "ஏப்பா பாலா, சாவி எங்க?"

"எங்க இருக்கணுமோ அங்க இருக்குது" என்றார் பாலன், வெடுக்கென்று. இவன் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டானா என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமியக் கும்புட்டுப் போடு மருதா."

புதுப்புடவையில் இருந்தாள் மருதாம்பாள், வேலைத்துணி கட்டியிருக்கவில்லை. தொட்டுப் பார்க்கப் பை இல்லை. கையைக் கூப்பிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

சாமந்தி ஷெட் முழுக்கச் சிதறியது. பாலன் அதைத்தான் முதலில் பார்த்தார், என்னடா மாலை அறுந்துவிட்டதே என்று. பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகத்தை மூடிய கைக்கிடையில் ரத்தம். செலஸ்டின் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிச் சுவிட்சை அணைத்தார். "அம்மா தாயே, கையெடு, கண்ணப் பாக்கட்டும், கண்ணப் பாக்கட்டும்" என்று அவர் கத்திய சத்தத்துக்கு அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். சாவி கன்னத்து எலும்பில் பட்டிருந்தது. ஒரு விரல்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். கண் தப்பித்தது, வீக்கம் வடிகிறவரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். வராந்தாவில் செலஸ்டின் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. மடிப்புக் கலையாத ஒரு புதுக் கைக்குட்டையைப் பாலனின் கையில் வைத்து, "கண்ணு தொடைக்க வேணும்ப்பா. பஞ்சுன்னா ஒட்டிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பாலன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கக்கூஸ் கதவுக்கு முன்னால் மண்டியிட்டார். ஸ்பிரிங் துருவேறி நாறிக் கிடந்தது. அதை விரலால் பிடித்து இழுத்தபோது அவருக்கு அந்த நாற்றம் தெரியவில்லை. தன் கையைப் பார்க்கத்தான் குமட்டியது. சாவியைச் செருகின கை, மாலையைக் கட்டின கை, டர்னர் கையாம். "தூ" என்றார், சத்தமாகவே. மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, சாவியில் மாட்டி, கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"மாட்டிட்டேன் மருதா."

அவள் வாங்கி ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "கழுவுனீங்களா?"

"கழுவுனேன்."

அவள் பாதிமுகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. இமை இடுக்கிலிருந்து தண்ணீர் திரண்டு வழிந்தது. பாலனின் கழுத்து, எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில், தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

"திரும்பிக்குங்க" என்றாள் மருதாம்பாள். குரலில் கோபம்கூட இல்லை. "செலஸ்டின் அண்ணனப் பாத்தா திரும்பிக்குவீங்கல்ல, அந்த மாதிரி."

பாலன் இந்தப் பக்கம் திரும்பி, செலஸ்டின் கொடுத்த கைக்குட்டையைப் பிரித்து, அந்தக் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே ஒற்றினார்.

"மெதுவாங்க, வலிக்குது" என்றாள் அவள்.