கோலா சிலாங்கூருக்கு ஆறு குப்பி மருந்தைத் திரும்ப வாங்கப் போனேன்

கோலா சிலாங்கூர் என்றால் பலருக்கும் மின்மினிப் பூச்சிகள்தான். 1986இல் நான் முதன்முறை அங்கே போனது, ஒரு நோயாளிக்குக் கொடுத்திருந்த மருந்தைத் திரும்ப வாங்க. அப்போது கிள்ளானில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் முனியாண்டிக்குக் காலில் முள் குத்தி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது; கோலா சிலாங்கூர் மருத்துவமனையில் கிடந்தார். எந்தக் கிருமி என்று தெரியாததால், குப்பி நாற்பது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஊசி மருந்தைக் கிள்ளானிலிருந்து அவருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அதிகாலை எங்கள் ஆய்வகத்தில் பரிசோதனை முடிவு வந்தது: சாதாரண குளோக்சாசிலினே போதும். அதே காலையில் எங்கள் கிள்ளான் வார்டில் மூளைக் காய்ச்சலோடு ஒரு குழந்தை. அதற்கு அந்த விலை உயர்ந்த மருந்துதான் வேண்டும்; கையிருப்போ மறுநாள் மதியம் வரைக்கும்தான்.

முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு காலை ஏழரைப் பேருந்தில் ஏறினேன். காப்பார், ஜெரம் வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு வெள்ளி இருபது சென். ஒன்பது பத்துக்கு இறங்கி, பத்து நிமிடம் நடந்தேன். முடிவைப் படித்த டாக்டர் பத்து மணிக்கு மருந்தை மாற்றினார். நான் ஆறு குப்பிகளையும் பையில் வைப்பதை முனியாண்டியின் மனைவி சரசு பார்த்துவிட்டார்.

"அத எங்க எடுத்துட்டுப் போறீங்க மிஸ்ஸி?" என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார்.

"இந்தக் கிருமிக்குச் சாதாரண மருந்தே கேக்கும்னு ரிப்போட்ல வந்திருக்குக்கா."

"தோட்டத்து ஆளுக்கு இது போதும்னு வந்திருக்கா?"

விறுவிறுவென்று வெளியே போய், இரண்டு மணிப் பேருந்து வரும்வரை வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணிக்கு முனியாண்டிக்குக் குளிர் உதறியது. காய்ச்சல் 39.5 செல்சியஸ். சரசு என்னைப் பார்க்கவில்லை, என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். அந்தக் காகிதம் தப்பாக இருந்தால்? இரண்டு மணிப் பேருந்தை விட்டுவிட்டேன்.

டாக்டர் கட்டைப் பிரித்து, பாதத்தை அழுத்திப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. எந்த மருந்தும் அதற்குள் சரியாக இறங்காதாம். இரண்டரைக்குக் கீறியபோது அரிசி அளவில் கறுத்த முள் நுனி வந்தது. நான்கு மணிக்கு 38.8. ஐந்துக்கு 38.1.

அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, சரசு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஏழு மாசம்."

சரசு கட்டில் பக்கம் திரும்பினார். "இவருக்குக் காய்ச்ச திரும்ப ஏறுச்சுன்னா?"

"டாக்டர் கேட்டா நானே கொண்டாந்து தரேன்."

"சரி. பஸ்ஸ விட்டுறாதீங்க லா."

கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு. கிள்ளான் வரும்வரை பையை இறுக்கிப் பிடித்திருந்தேன். மறுநாள் எட்டு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தபோது எடுக்கவே பயந்தேன். கோலா சிலாங்கூரிலிருந்து, காய்ச்சல் 37.4க்கு இறங்கிவிட்டது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் முனியாண்டி நடந்து வீடு போனார். குழந்தையும் பிழைத்தது, ஒரு காது மட்டும் கேட்காமல் போய்விட்டது.

இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போனால், மருந்தை மாற்றும்போது ஏன் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று: மாற்றியது சரிதான். ஆனால் அந்த நாற்காலியை நான் பத்து மணிக்கே இழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஏழு மணி நேரம் சரசு அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்தார்.