கேப்டன் அடிக்காத பெனால்டி

முதலில் வலித்தது இடது கை. கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் மைதானத்தில் கோப்பைக்கான இறுதி ஆட்டம். எண்ணெய்த் தகரத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். கை வலிக்காமல் என்ன செய்யும்? தாடை இழுத்தது, கத்தியதால் என்று நினைத்தேன். அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஆட்டத்தின் சூடு என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை வாசிக்கும் நீங்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நான் அரவேணுவில் செருப்புக்கடை வைத்திருப்பவன். பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் சிவராஜ் ஆடும் ஆட்டம் எதையும் விட்டதில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவர்தான் இருபது வருடமாக எங்கள் அணிக்குக் கேப்டன். பெனால்டி என்றால் நான் தகரத்தை மூன்று முறை தட்டுவேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஓடி வருவார். எங்கள் இருவருக்கும் அது ஒரு வழக்கம்.

அன்று ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் அணி ஒருமுறைகூட வாங்காத கோப்பை அது. கேப்டன் பந்தை வைத்துவிட்டு நின்றார். தகரம் ஒலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். நான் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஏனுங்க பாய், என்னாச்சு?”

“ஒன்னுமில்லீங்க கேப்டன். நீங்க போயி அடிங்க.”

“மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது. டேய், ஜீப்ப எடுங்கடா!”

ஆட்ட பூட்ஸோடு அவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். கோத்தகிரியில் இ.சி.ஜி. (இதயத்துடிப்பின் வரைபடம்) எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். முதல் மருந்துகளைக் கொடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மறுபடி மூடாமல் உள்ளே நிறுத்தும் சிறு கம்பிவலை) வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் அம்மா சொன்னார்.

பெனால்டியை வேறொருவர் அடித்ததும், அது தேயிலைச் செடிக்குள் போனதும், கோப்பை கை நழுவியதும் வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உடம்பு தேறியது. பயம்தான் போகவில்லை. எங்கள் ஊரில் எங்கே போனாலும் ஏற்றம். வாசல்படியைத் தாண்டினாலே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். “நடக்கணுங்க. ஏறும்போது பேச முடியணும். பேச்சு தடைபட்டா நின்னுடுங்க” என்றுதான் டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே! கடை சாத்தியே கிடந்தது. மீதி வாழ்க்கை இப்படித்தானோ என்று உள்ளுக்குள் அழுகையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வந்தார். டாக்டர் சொன்னதை என் மனைவி ஜமீலா அவரிடம் சொன்னாள்.

“பேசணும், அவ்வளவுதானுங்களே? அதுக்கா பாய்க்குப் பஞ்சம்? வாங்க, நம்மூர் மைதானத்துக்குப் போலாம்.”

ஜீப் மைதானத்து மேட்டின் அடிவாரம் வரை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. நான்கு அடி வைத்துவிட்டு நின்றேன். அவரும் நின்றார். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது திட்டு.

“உங்களுக்கு மூள இருக்குதுங்களா? இருபது வருசம் காத்திருந்த கப்புங்க! அடிச்சுட்டு வந்திருக்கலாமில்ல?”

“அடிச்சிருக்கலாமுங்க. மேல சொல்லுங்க.”

சொன்னேன். மூச்சு வாங்கியபோது நின்றேன், மறுபடி திட்டினேன். பழைய ஆட்டங்களில் அவர் செய்த தவறுகளையெல்லாம் இழுத்தேன். கோல் கம்பம் கண்ணில் பட்டபோதுதான் ஏறிவிட்டது தெரிந்தது. அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இப்போது கடை திறந்திருக்கிறது. ஞாயிறுதோறும் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறேன். முன்பெல்லாம் அந்த ஏற்றம் ஆட்டத்துக்கு முந்தைய தொல்லை. இப்போது ஏறத் தொடங்கும்போதே எனக்கு ஞாயிறு தொடங்கிவிடுகிறது. இதயம் அடிப்பது காதில் கேட்கிறது. அதைக் கேட்டுப் பயந்த காலம் போய்விட்டது.

போன வாரம் நான் பாதி வழியில் நின்றிருந்தேன். மேலே யாரோ கேப்டனைச் சீண்டுவது கேட்டது.

“இத்தன வருசமா ஆடறீங்க. கப்பு எங்கீங்க கேப்டன்?”

“அதோ, மூச்சு வாங்கீட்டு ஏறி வருது பாருங்க.”

சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு மெதுவாக ஏறினேன்.