கார்த்திகையின் கடைசி வெள்ளி

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது. சீக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பதே அதைத்தான். சேலம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்த ஒருவரைத் தெரிந்தவர்கள் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அவரிடமும் கேட்டேன். “ஊடே இல்லீங்கம்மா” என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தீவன அறையிலேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். அவர் வந்தபின் முட்டை உடைவது குறைந்தது. ஒரு கோழி தும்மினால்கூட எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தீபாவளி, பொங்கல் என்று எல்லோரும் ஊருக்குப் பறந்தாலும் அவர் கோழிகளோடு இருப்பார். பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினேன்: வீடில்லாதவர்களை வேலைக்கு வையுங்கள், நமக்குத்தான் லாபம், லீவே கேட்க மாட்டார்கள் என்று. கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் முதன்முறையாக லீவு கேட்டு வந்தார். கையில் புது எவர்சில்வர் பாத்திரம், ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. ஊருக்குள் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தார். கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த மகள் பல வருடமாக அவரோடு பேசுவதில்லை. வீடு பார்த்திருக்கிறேன் என்றதும், பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

“வெள்ளிக்கெழம காத்தால பால் காச்சோணுங்கம்மா. அரை நாள் போதுமுங்க.”

கார்த்திகையின் கடைசி வெள்ளி அது. விட்டால் மார்கழி, மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் வேலையாட்களில் இரண்டு பேர் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார்கள். முட்டை லாரி வருகிற நாள் வேறு. அதையெல்லாம் சமாளித்திருக்கலாம். வீடு என்று ஒன்று வந்துவிட்டால் இவரும் மற்றவர்களைப் போல லீவு கேட்க ஆரம்பித்துவிடுவாரே என்று பயந்தேன். பாழாய்ப்போன புத்தி.

“தை வரட்டுங்கண்ணா, பாத்துக்கலாம்” என்றேன். அவர் சரிங்கம்மா என்று பாத்திரத்தோடு திரும்பிப் போனார்.

வீட்டுக்காரர் ஒரு மாதம் அறையைப் பூட்டியா வைப்பார்? அதே வெள்ளிக்கிழமை அங்கே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிவிட்டது. அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

பொங்கலன்று காலை, தை பிறந்துவிட்டதே, போய்ப் பால் காய்ச்சிவிட்டு வரச் சொல்லலாம் என்ற நினைப்பில் பண்ணைக்குப் போனேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், கோழிகளுக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார், அந்தப் பாத்திரத்தில். அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறை போய்விட்டது, மகளை வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

“புதுப் பாத்திரமாச்சுங்களேண்ணா, இதுல எதுக்கு?”

“சும்மாதானுங்கம்மா கெடந்துச்சு.”

வேறு அறை பார்த்துத் தருகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் லீவே கேட்கவில்லை.