பிரிக்காத இசைத்தட்டு

கோசிகா என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது தொலைபேசியில். எண்பத்தோராம் ஆண்டு, ஜெர்மனியில் இருந்து என் தம்பி விஜயரத்தினம் எடுத்தான்.

"அக்கா, பிறந்த பெட்டைக்குக் கோசிகா எண்டு வைச்சிருக்கிறன்."

"எங்கடை ஆக்களில ஒருத்தருக்கும் இல்லாத பேராய்க் கிடக்கே."

"அதுக்காகத்தான் வைச்சனான்."

அவளுக்குப் பதினாலு வயதாகும்போது குடும்பமாய் லண்டன் வந்து ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தார்கள். நான் பக்கத்தில், மனோர் பார்க்கில். பிள்ளைக்குக் கறுப்பினச் சிநேகிதிகள். அவர்களோடு சேர்ந்து பாடப் பழகினாள். நியோ சோல் என்பார்களாம். எனக்கு அது ஆறுதலாய் நடந்து போகிற பாட்டுப் போல இருக்கும். இரண்டாயிரத்து மூன்றில் முதல் இசைத்தட்டு வந்தது. ரேடியோவிலும் போட்டார்கள், எங்கள் கலியாணங்களிலும் போட்டார்கள்.

அடுத்த வருசம் விஜயரத்தினம் பேக்கரி ஷிப்டில் நெஞ்சு வலித்து விழுந்தான். எழும்பவில்லை.

இரண்டாவது தட்டு வர இரண்டு வருசம் சென்றது. பேப்பர்காரர் நல்லாய் எழுதவில்லை. தம்பி பெண்சாதி சுசிலா என் குசினியில் அடுப்போரம் இருந்து அழுதழுது வாசித்தாள்.

"முதல் தட்டில இருந்த சூடு இதில இல்லையாம், மச்சாள். கடைசிப் பாட்டு விளங்காத பாசையிலயாம், ஆருக்குப் பாடுறாள் எண்டு கேக்கிறாங்கள். இது விக்காட்டித் தட்டுப் போடுற கொம்பனி இவளை விட்டிடும்."

"விக்காமல் என்ன? எங்களுக்குச் சனம் இல்லையோ?" என்றேன் நான்.

அந்த வாய் என்னுடையதுதான். அன்றைக்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்தேன். ஆளுக்குப் பத்து வாங்கினார்கள். ஒன்றுவிட்ட தங்கச்சி நீலவேணி தன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் பலகாரப் பையோடு ஒவ்வொன்று கொடுத்தாள்.

ஃபாரஸ்ட் கேட் பக்கம் இவ்வளவு விற்கிறதே என்று கொம்பனிக்காரர் அங்கேயே ஒரு மண்டபம் எடுத்துக் கச்சேரி வைத்தார்கள். நாங்கள் வடையும் கட்டிக்கொண்டு போனோம். மண்டபம் நிறைந்த சனம். நாலு பாட்டுப் பாடிவிட்டுக் கோசிகா சிரித்துக்கொண்டு கேட்டாள்:

"புதுசில எது உங்களுக்கு விருப்பம்? அதைப் பாடுறன்."

ஒருவரும் ஒரு பாட்டின் பேரும் சொல்லவில்லை. நான் என் சீலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த எங்கள் சொந்தக்காரர் முருகேசன்தான் எழும்பினார்.

"எதையெண்டாலும் பாடு பிள்ளை. நாங்கள் பத்து வாங்கினனாங்கள்!"

சனம் கை தட்டியது. அவள் முதல் தட்டில் இருந்து ஒன்றைப் பாடிவிட்டு இறங்கிவிட்டாள்.

அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்தாள். சாமியறையில் முருகன் படத்தடியில் அந்தத் தட்டு இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கலியாணக் கார்ட்டுக்கு வைப்பதுபோல நாலு மூலையும் மஞ்சள் வைத்திருந்தேன். எடுத்து உறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மாமி, நீங்களுமோ?"

"பத்திரமாய் வைச்சிருக்கிறன் பிள்ளை. ஒரு கீறல் இல்லை."

"ஓம் மாமி" என்று இருந்த இடத்திலேயே வைத்தாள். தேத்தண்ணி குடிக்கவில்லை.

எங்கள் ஆட்களைத் தவிர வேறொருவரும் தட்டை வாங்கவில்லை; வருசம் முடிய முன் கொம்பனி அவளை விட்டுவிட்டது. தம்பியின் திவசத்தன்றுதான் நானும் சுசிலாவும் உறையைப் பிரித்துப் போட்டுக் கேட்டோம். பேப்பர்காரனுக்கு விளங்காத அந்தக் கடைசிப் பாட்டு தமிழில் இருந்தது.

"உள்ளுக்குள்ளை திறப்பை விடாதேங்கோ அம்மா, அப்பா வாறார்."

சுசிலா கதவைப் பூட்டினால் திறப்பைச் சாவித் துவாரத்தில் உள்பக்கம் அப்படியே விட்டுவிடுவாள். விடிய வேலையால் வருகிற தம்பி தன் திறப்பைப் போட ஏலாமல் வெளியே நிற்பான். சின்னனில் கோசிகா ஓடிப்போய்க் கழற்றி வைப்பாள். சுசிலா எழும்பி வாசல் கதவடிக்குப் போனாள். கனநேரம் அங்கேயே நின்றாள்.

நான் கோசிகாவுக்குப் போன் எடுத்தேன்.

"கேட்டனாங்கள் பிள்ளை."

"நல்லது மாமி" என்றாள்.

கோசிகா இப்போது பிரிஸ்டலில் இருக்கிறாள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பாடுவதில்லை.